மூன்று மழைக்காலம் தாண்டிய டிரைவ்கள்: மலையில் வீடியோ எடிட்டிங்குக்கு எதை வாங்கலாம்

வெளி டிரைவ் வாங்கும்போது எல்லோர் கண்ணும் போவது பெட்டியில் அச்சிட்டிருக்கும் வேகத்துக்குத்தான். 1050, 2000 என்று கொட்டை எழுத்தில் இருக்கும். மூன்று மழைக்காலம் ஓடிய பிறகு ஊட்டி, குன்னூர், கோத்தகிரிப் பக்கம் பார்த்தால், எடிட்டிங் தடுமாறியதற்கும் ஃபுட்டேஜ் போனதற்கும் அந்த எண் காரணமாக இருந்தது அபூர்வம். கேபிள், கரண்ட், ஈரம் ஆகியவற்றில் ஒன்றுதான் பெரும்பாலும் வேலையைக் காட்டியிருக்கும். இல்லையென்றால் எடிட் செய்கிற டிரைவிலேயே பழைய வேலைகளையும் போட்டு வைத்திருப்பார்கள்.

முதலில் கணக்கு. 100 மெகாபிட்டில் 4கே பதிவு செய்யும் கேமரா வினாடிக்கு 12.5 எம்.பி. எழுதுகிறது, மணிக்கு 45 ஜி.பி. மூன்று கேமரா, ஆளுக்கு நாலு மணி நேரம் என்றால் ஒரு படுகர் கல்யாணத்துக்கு 540 ஜி.பி. ஆகிவிடும். அதையே எடிட்டிங்குக்காக 4கே புரோரெஸ் 422 என்ற, சுருக்கம் குறைந்த கோப்பு வகைக்கு மாற்றினால், வினாடிக்கு 25 பிரேமில் மணிக்கு சுமார் 221 ஜி.பி. விழுங்கும். எச்.டி. அளவில் புரோரெஸ் ப்ராக்ஸி, அதாவது எடிட் செய்ய மட்டும் ஒரு லேசான நகல், செய்தால் மணிக்கு 17 ஜி.பி.தான். 1 டி.பி. என்று விற்பது விண்டோஸில் 931 என்று காட்டும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

2.5 அங்குல ஹார்ட் டிஸ்க் வினாடிக்கு 100 முதல் 130 எம்.பி. தரும். மூன்று கேமராவுக்குத் தேவை 37.5 எம்.பி. காகிதத்தில் தாராளம், எடிட்டிங் மென்பொருளின் டைம்லைனில் திணறும். மூன்று கோப்புக்கும் தட்டைப் படிக்கும் ஹெட் மாறி மாறித் தாவ வேண்டும், ஒவ்வொரு தாவலுக்கும் பத்துப் பதினைந்து மில்லி வினாடி போகும். டிஸ்க் நிரம்ப நிரம்ப உள்வட்டத்தில் எழுத ஆரம்பிக்கும், அங்கே வேகம் ஏறக்குறைய பாதி. போதாததற்கு, இந்த அளவு டிஸ்க்குகளில் பல, தடங்களை ஓடு வேய்ந்ததுபோல் ஒன்றின்மேல் ஒன்று ஏற்றி எழுதும் வகை. முதல் சில பத்து ஜி.பி. சரளமாகப் போய், பிறகு 20, 30 எம்.பி.க்கு விழுந்தால் இதுதான் சங்கதி. கெட்டுப்போனதாக நினைத்துக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டாம்.

எடிட் செய்ய, சுழலும் தட்டு இல்லாமல் சிப்பில் எழுதும் எஸ்.எஸ்.டி. என்பதில் மறுபேச்சு இல்லை. எந்த எஸ்.எஸ்.டி. என்பதில்தான் ஏமாறுகிறோம். 5 கிகாபிட் யு.எஸ்.பி.யில் 400 முதல் 450 எம்.பி. வரை வரும். 10 கிகாபிட்டில் ஆயிரத்தை ஒட்டி வரும். மேலே சொன்ன மூன்று கேமரா வேலைக்கு முதலாவதே போதும். 20 கிகாபிட் டிரைவுக்குக் கூடுதல் காசு கொடுக்கும் முன் உங்கள் கணினியில் அந்த வேகம் தரும் 2x2 வகை போர்ட் இருக்கிறதா என்று பாருங்கள். பல மேக்குகளில் அந்த முறை இல்லாததால் டிரைவ் 10-க்கு இறங்கித்தான் ஓடும். இதைவிட முக்கியம் உள்ளே இருக்கும் சிப். மலிவான கியூ.எல்.சி. வகையில் (ஒரு செல்லில் நாலு பிட்) வேகமான கேஷ், அதாவது முதலில் எழுதும் தற்காலிக இடம், தீர்ந்ததும் எழுதும் வேகம் ஹார்ட் டிஸ்க் அளவுக்கே வந்துவிடும். பெட்டியில் இதைப் பெரும்பாலும் போட மாட்டார்கள். வாங்கிய அன்றே 200 ஜி.பி.யை ஒரே மூச்சில் காப்பி செய்து வேகக் கோட்டைப் பாருங்கள். மாற்றிக் கொடுக்கும் கெடுவுக்குள் தெரிந்துவிடும். முடிந்தால் செல்லுக்கு மூன்று பிட் எழுதும் டி.எல்.சி. வாங்குங்கள், ஐந்தில் ஒரு பங்கு இடத்தைக் காலியாகவே விடுங்கள்.

எழுதி எழுதித் தேய்ந்துவிடும் என்ற பயம் வேண்டியதில்லை. 1 டி.பி. டி.எல்.சி. டிரைவுகளுக்கு 600 டி.பி. எழுதும் உத்தரவாதம் சாதாரணம். வாரம் 500 ஜி.பி. எழுதினாலும் ஆண்டுக்கு 26 டி.பி.தான்.

காப்பி 40 எம்.பி.யிலேயே நிற்கிறதா? கேபிளை மாற்றுங்கள். போன் சார்ஜருடன் வரும் டைப்-சி கேபிள்களில் பல யு.எஸ்.பி. 2.0-தான். டிரைவுடன் வந்த குட்டைக் கேபிளில் டிரைவின் பெயரை எழுதி ஒட்டிவிட்டால் பாதிப் பிரச்சினை தீரும். புது டிரைவ் போட்டும் டைம்லைன் இழுத்தால் டிரைவைத் திட்டாதீர்கள். 10 பிட் 4:2:2 எச்.265 என்ற, இறுக்கிச் சுருக்கிய கேமரா பதிவை விரித்துக் காட்டப் பல கணினிகளால் முடியாது. அதற்கு மருந்து ப்ராக்ஸி.

இனி மலைக்கே உரிய தொல்லைகள். உயரத்தைப் பற்றிச் சிலர் கேட்பார்கள். ஹார்ட் டிஸ்க்கின் ஹெட் காற்றுப் படலத்தின்மேல் மிதப்பதால் கேள்வி நியாயமானதுதான். ஆனால் பெரும்பாலான டிஸ்க்குகள் சுமார் 3,000 மீட்டர் வரை ஓடும், தொட்டபெட்டாவின் உச்சியே 2,637 மீட்டர். தொல்லை தருவது குளிரும் ஈரமும். தலைகுந்தாவில் உறைபனி காலையில் எடுத்துவிட்டு, சில்லென்றிருக்கும் டிரைவை ஹீட்டர் ஓடும் அறைக்குள் கொண்டுவந்தால் அதன்மேல் முத்து முத்தாக நீர் கோத்துவிடும். ஹார்ட் டிஸ்க்கில் காற்று போய்வரச் சின்னத் துளை உண்டு, ஈரம் உள்ளேயும் போகும். வெளியிலேயே ஜிப் கவரில் போட்டு மூடி, அறைக்கு வந்ததும் ஒரு மணி நேரம் திறக்காமல் விடுங்கள். நீர் கவரின் வெளிப்பக்கம் கோத்துக் காயும். 5 டிகிரிக்குக் கீழே பல ஹார்ட் டிஸ்க்குகளை இயக்கவே கூடாது, அவற்றின் குறிப்புத்தாளிலேயே போட்டிருக்கும். கல்லட்டி மலைப்பாதையின் 36 கொண்டை ஊசி வளைவுகளில் ஜீப் இறங்கும்போது மடியில் வைத்துக் காப்பி செய்கிற பழக்கம் இருந்தால் எஸ்.எஸ்.டி.யோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

மழை தொடங்கினால் மரம் விழும், கரண்ட் போகும். லேப்டாப்புக்கு பேட்டரி இருக்கிறது, 12 வோல்ட் அடாப்டரில் ஓடும் 3.5 அங்குல டிஸ்க்குக்கு இல்லை. எழுதும்போது கரண்ட் போனால் அதிகம் அடிவாங்குவது எக்ஸ்ஃபேட் பார்மட். அதில் ஜர்னல், அதாவது எழுதப்போவதை முன்கூட்டியே குறித்து வைக்கும் ஏடு, கிடையாது, ஒரு ஃபோல்டரே காணாமல் போகும். விண்டோஸ் மட்டும் என்றால் என்.டி.எஃப்.எஸ்., மேக் மட்டும் என்றால் ஏ.பி.எஃப்.எஸ். போடுங்கள். இரண்டுக்கும் இடையே தூக்கித் திரியும் டிரைவுக்கு மட்டும் எக்ஸ்ஃபேட் இருக்கட்டும். 3.5 அங்குலம் வைத்திருப்பவர் சின்ன யு.பி.எஸ். ஒன்று வாங்கியே ஆக வேண்டும்.

வைத்துக் காப்பதற்கு வருவோம். 2018-இல் பூத்த நீலக்குறிஞ்சி அடுத்து 2030-இல் பூக்கும், அன்றைய ஃபுட்டேஜ் 12 ஆண்டு தாங்கியாக வேண்டும். கரண்டே காட்டாமல் அலமாரியில் கிடக்கும் எஸ்.எஸ்.டி. அதற்கு ஆகாது. தேய்ந்த டிரைவ் 30 டிகிரியில் ஓராண்டு தரவைக் காத்தால் போதும் என்பதுதான் சிப் தர அமைப்பான ஜெடெக் வகுத்த அளவுகோல். நம் குளிர் அந்தக் காலத்தை நீட்டும் என்றாலும் நம்பி விட முடியாது. இரண்டு ஹார்ட் டிஸ்க்கில் இரண்டு பிரதி வையுங்கள். ஒன்று வீட்டில், ஒன்று கீழே மேட்டுப்பாளையத்திலோ கோவையிலோ சொந்தக்காரர் வீட்டில். ஆறு மாதத்துக்கு ஒருமுறை இரண்டையும் ஓட்டிப் பாருங்கள். இரண்டும் ஒரே நாளில் வாங்கிய ஒரே மாடலாக இருக்க வேண்டாம்.

டிஸ்க் இருக்கும் டப்பா ரப்பர் விளிம்பு வைத்து இறுக மூடுவதாக இருக்கட்டும். உள்ளே சிலிக்கா ஜெல்லும் ஒரு சின்ன ஈரமானியும் போடுங்கள். 40 முதல் 50 சதவீதம் சரியான அளவு. நீல ஜெல் இளஞ்சிவப்பானதும் 120 டிகிரி ஓவனில் இரண்டு மணி நேரம் காயவைக்கலாம், ஆனால் சமைக்கிற பாத்திரத்தில் வேண்டாம், அந்த நிறம் நச்சுள்ள கோபால்ட் உப்பு.

கார்டிலிருந்து இறக்கும்போது வெறுமனே இழுத்துப் போடாமல், எடிட்டிங் மென்பொருளான டாவின்சி ரிசால்வின் குளோன் கருவி போல, நகல் மூலத்தோடு ஒத்திருக்கிறதா என்று செக்சம் எண்ணால் சரிபார்க்கும் ஒன்றால் இரண்டு இடத்துக்கு இறக்குங்கள். அதுவரை கார்டை அழிக்கக் கூடாது. மாதம் ஒருமுறை, டிரைவின் உடல்நிலையைக் காட்டும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ மென்பொருளில் பாருங்கள். ஹார்ட் டிஸ்க்கில் 05 (பழுதாகி மாற்றப்பட்ட இடங்கள்), சி5 (படிக்கத் தடுமாறும் இடங்கள்) ஆகியவற்றின் மூல எண் பூஜ்யத்தைத் தாண்டி ஏறிக்கொண்டே போனால் அன்றே காப்பி எடுத்துவிட்டு ஓய்வு கொடுங்கள். சி7 (தரவு கடத்துவதில் பிழை) மட்டும் ஏறினால் கேபிளையோ இணைப்பையோ சந்தேகியுங்கள்.

இப்போது வாங்குவதென்றால் 10 கிகாபிட் டி.எல்.சி. எஸ்.எஸ்.டி. 1 டி.பி. ஒன்று, ஹார்ட் டிஸ்க் 4 டி.பி. இரண்டு. கையில் காசு குறைந்தால் எஸ்.எஸ்.டி.யை 500 ஜி.பி.க்குக் குறைத்து ப்ராக்ஸியில் எடிட் செய்யலாம். இரண்டாவது ஹார்ட் டிஸ்க்கை மட்டும் அடுத்த சீசனுக்குத் தள்ளிப்போடாதீர்கள். அக்டோபர், நவம்பரில் மண்சரிந்து மலைப்பாதையை மூடிவிட்டால் கூரியர் எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது.