‘ஒரிஜினல் லேபிள்’ என்று போட்டிருந்தால் கொஞ்சம் நின்று யோசியுங்கள்

பழைய ராக், ப்ளூஸ் எல்.பி. இசைத்தட்டுகளை இணையத்தில் வாங்குகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். எனக்கு 600 டாலர் போனது. போன மாதமே வாயை மூடிக்கொண்டு இருந்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். நேற்று ராத்திரி அதே ஆள், அதே பச்சைத் துணி விரிப்பின் மேல், அதே சொற்களோடு இன்னொரு தட்டை விற்பனைக்குப் போட்டிருப்பதைப் பார்த்ததும் மனசு கேட்கவில்லை. அவர் பெயரைச் சொல்லப் போவதில்லை. பெயரை மாற்றிக்கொண்டு வர இரண்டு நிமிடம் போதும். அவருடைய சொற்களைத்தான் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

நான் ஹூஸ்டனில் இருக்கிறேன். டெக்சாஸ் தட்டுகள் என்றால் எனக்குத் தனி ஆசை. அதிலும் 13த் ஃப்ளோர் எலிவேட்டர்ஸ். ஆஸ்டினில் 1965 கடைசியில் சேர்ந்த குழு. பாடியவர் ராக்கி எரிக்சன். அவர் வீறிட்டுக் கத்துவதைக் கேட்டால் ‘கராஜ்’ என்கிற கரடுமுரடான ராக் வகைக்கு வேறு விளக்கமே வேண்டாம். டாமி ஹால் என்றொருவர் ஜாடிக்குள் வாயால் சத்தம் எழுப்பி, அதை மைக்கில் பிடித்துப் பாட்டு முழுக்க ஓட விட்டிருப்பார். முதல் தடவை வீட்டில் போட்டபோது, “முள்ளைப் பாருங்க, சோறு கொதிக்கிற மாதிரி குடுகுடுன்னு கேக்குது” என்றாள் மனைவி. கோளாறு இல்லை, அதுதான் அவர்களுடைய அடையாளம். ‘யூ ஆர் கோனா மிஸ் மீ’ 1966இல் அமெரிக்காவின் பில்போர்டு பாட்டுப் பட்டியலில் 55ஆம் இடம் வரை போயிற்று. அதே ஆண்டு முதல் எல்.பி. வந்தது. வெளியிட்ட கம்பெனியின் பெயர் இன்டர்நேஷனல் ஆர்ட்டிஸ்ட்ஸ். பெயர்தான் இன்டர்நேஷனல், இருந்ததென்னவோ எங்கள் ஹூஸ்டனில்.

அந்த எல்.பி.யின் முதல் அச்சு, அதாவது 1966இல் வெளிவந்தபோதே அச்சிட்ட தட்டு ஒன்றை வாங்கிவிட வேண்டும் என்று ஆறேழு வருடமாகத் தேடிக்கொண்டிருந்தேன். இப்படித் தேடுகிறவனின் முகத்தை விற்கிறவர்கள் தூரத்திலேயே கண்டுபிடித்துவிடுவார்கள் போலிருக்கிறது.

விளம்பரத்தில் இருந்தது இவ்வளவுதான்: “1966. ஒரிஜினல் இன்டர்நேஷனல் ஆர்ட்டிஸ்ட்ஸ் லேபிள். மாமாவின் சேகரிப்பிலிருந்து. வி.ஜி. பிளஸ். 480 டாலர்.” (வி.ஜி. பிளஸ் என்பது தட்டின் நிலைக்குக் கொடுக்கும் தரக் குறி.) அட்டையின் முன்பக்கம், பின்பக்கம், தட்டின் நடுவில் இரண்டு பக்கமும் ஒட்டியிருக்கும் லேபிள்கள் என்று நான்கு படங்கள். அட்டையில் வட்டமாகத் தேய்ந்த தடம், ஓரங்களில் பழுப்பு. பார்த்தவுடன் பழசு என்று நம்பிவிட்டேன். பழசுதான், அதில் பொய் இல்லை. எவ்வளவு பழசு என்பதில்தான் ஏமாந்தேன்.

உங்களிடம் வேறென்ன இருக்கிறது என்று கேட்டேன். (கேட்டிருக்கவே கூடாது.) ப்ளூஸ் பாடகர் ராபர்ட் ஜான்சனின் ‘கிங் ஆஃப் தி டெல்டா ப்ளூஸ் சிங்கர்ஸ்’ இருக்கிறது, 1961 அட்டை, 120க்குத் தருகிறேன், இரண்டையும் சேர்த்து அனுப்பினால் தபால் செலவு மிச்சம் என்றார். ஜான்சன் மிசிசிப்பிக்காரர். ஆனால் அவர் வாழ்நாளில் பதிவு செய்த 29 பாடல்களும் 1936இல் சான் அன்டோனியோவிலும் 1937இல் டல்லாஸிலும் பதிவானவை. ஆக அதுவும் ஒரு வகையில் டெக்சாஸ் தட்டுதான் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

பணம் அனுப்பும் கட்டத்தில் ஒரு செய்தி வந்தது. “நண்பர்கள், குடும்பத்தினருக்கு அனுப்பும் முறையில் அனுப்பினால் கட்டணம் கிடையாது. 15 டாலர் குறைத்துக்கொள்கிறேன். இன்னொருவரும் கேட்டுக்கொண்டிருக்கிறார், இன்றைக்கே முடித்துவிடலாம்.” முன்பின் தெரியாத மனிதருக்கு நான் நண்பனானேன். அந்த முறையில் அனுப்பும் பணத்துக்கு வாங்குகிறவருக்கான பாதுகாப்பு எதுவும் கிடையாது. கைமாற்று கொடுத்த மாதிரிதான், போனால் போனதுதான். பதினைந்து டாலரை மிச்சம் பிடித்தேன். அந்தப் பணமும் தட்டை அனுப்பும் செலவு என்று பின்னால் கணக்கில் ஏறிவிட்டது, அது வேறு கதை.

ஆகஸ்ட் மாதம். ஹூஸ்டன் வெயில் தெரிந்தவர்களுக்குத் தெரியும். பொட்டலம் வாசலில் மதியம் முழுக்கக் கிடந்திருக்கிறது. வைனல் தட்டு சூட்டில் வளையும் என்று தெரிந்தும், அலுவலகத்தில் இருந்ததால் ஒன்றும் செய்ய முடியவில்லை. நல்லவேளை, வளையவில்லை. ஆனால் பொட்டலம் கட்டியிருந்த லட்சணத்தைச் சொல்ல வேண்டும். பிட்சா பெட்டியை வெட்டிச் செய்த மெல்லிய அட்டை இரண்டு, நடுவில் தட்டுகள். தட்டை அதன் படம் போட்ட அட்டையிலிருந்து வெளியே எடுத்து, தனி உறையில் போட்டு, அந்த அட்டைக்குப் பின்னால் வைத்து அனுப்புவதுதான் முறை. உள்ளேயே விட்டால் வழியெல்லாம் குலுங்கி, தட்டின் விளிம்பே கத்தி மாதிரி அட்டையின் ஒட்டிய ஓரத்தை அறுத்துவிடும். ஜான்சன் அட்டையின் மேல்பக்கம் நான்கு அங்குலம் அறுந்திருந்தது. அறுபது வருடத்துக்கு மேல் தாங்கிய அட்டை, ஐந்து நாள் தபாலைத் தாங்கவில்லை.

அறுந்த அட்டையிலிருந்து தட்டை எடுத்ததும் முதல் அடி. ஜான்சன் தட்டை வெளியிட்ட கொலம்பியா கம்பெனி 1961இல் போட்ட தட்டுகளில் லேபிளின் இரண்டு பக்கமும் மூன்று மூன்றாகக் கண் மாதிரி ஆறு சின்னங்கள் இருக்கும். ‘சிக்ஸ் ஐ’ என்று சொல்வார்கள். 1962இல் அது மாறிவிட்டது. என் கையில் இருந்ததோ, சிவப்பு லேபிளின் விளிம்பைச் சுற்றி ‘கொலம்பியா’ என்று திரும்பத் திரும்ப எழுதியிருக்கும் எழுபதுகளின் தட்டு. பழைய அட்டைக்குள் பிந்தைய தட்டு. அவர் அனுப்பிய செய்தியைத் திரும்பவும் படித்தேன். “1961 அட்டை” என்றுதான் எழுதியிருந்தார். அட்டை 1961தான். தட்டு எந்த ஆண்டு அச்சு என்று அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை, தட்டின் படமும் வரவில்லை.

சரி, எலிவேட்டர்ஸாவது நல்லபடியாக இருக்கிறதே என்று அதைப் போட்டுக் கேட்டேன். நன்றாகவே ஓடியது. ஆஸ்டினில் ஒரு அண்ணன் இருக்கிறார். நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்திலேயே அமெரிக்காவுக்கு வந்து தட்டு சேர்க்க ஆரம்பித்தவர். பெருமையாக வீடியோவில் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் அட்டையையும் பார்க்கவில்லை, லேபிளையும் பார்க்கவில்லை.

“தம்பி, தட்டைக் கொஞ்சம் சாய்ச்சு வெளிச்சத்துல காட்டு. பாட்டு முடிஞ்சு லேபிளுக்கு முன்னால வழவழன்னு ஒரு வளையம் வருதுல்ல, அங்க.”

காட்டினேன்.

“எழுத்து ஏதாச்சும் தெரியுதா? எம்-ல ஆரம்பிக்கிற வார்த்தை?”

தெரிந்தது. ‘மாஸ்டர்ஃபோனிக்ஸ்’ என்று சின்னதாக முத்திரை குத்தியிருந்தது.

அவர் உடனே ஒன்றும் சொல்லவில்லை. “எவ்வளவு கொடுத்த?” என்று மட்டும் கேட்டார். சொன்னேன். “சரி விடு, சாப்டியா?” என்றார். அதிலேயே விஷயம் புரிந்துவிட்டது.

அப்புறம்தான் விளக்கினார். மாஸ்டர்ஃபோனிக்ஸ் என்பது நாஷ்வில்லில் இருந்த ஒரு மாஸ்டரிங் ஸ்டூடியோ, அதாவது அச்சுக்குப் போகும் முன் ஒலியைச் சீர் செய்து தருகிற இடம். அறுபதுகளில் இன்டர்நேஷனல் ஆர்ட்டிஸ்ட்ஸில் தயாரிப்பாளராக இருந்த லீலன் ராஜர்ஸ், பாடகர் கென்னி ராஜர்ஸின் அண்ணன், 1979இல் அந்தக் கம்பெனியின் தட்டுகளை அதே பெயரில் மறுபடியும் அச்சிட்டு வெளியிட்டார். அந்த மறுஅச்சுகளில் இந்த முத்திரை இருக்கும். என்னுடையது 1966 இல்லை, 1979.

இப்போது விளம்பரத்தை மறுபடி படியுங்கள். “ஒரிஜினல் இன்டர்நேஷனல் ஆர்ட்டிஸ்ட்ஸ் லேபிள்.” 1979 தட்டிலும் இருப்பது இன்டர்நேஷனல் ஆர்ட்டிஸ்ட்ஸ் லேபிள்தானே? ஆங்கிலத்தில் ‘லேபிள்’ என்றால் ஒட்டியிருக்கும் காகிதமும்தான், கம்பெனியும்தான். அவர் கம்பெனியைச் சொன்னார், நான் முதல் அச்சு என்று படித்துக்கொண்டேன். “1966” என்றதும் இசை வந்த ஆண்டு. மாமாவின் சேகரிப்பு என்பது கூட உண்மையாக இருக்கலாம். மாமா 1979இல் கடையில் வாங்கியிருப்பார். வழக்குப் போட்டால்கூட இதில் எந்த வரியைப் பொய் என்று காட்டுவேன்? இந்தச் சாமர்த்தியத்தைப் பார்த்தால் கோபத்தோடு கொஞ்சம் வியப்பும் வருகிறது.

அட்டையின் பழுப்பை நம்பியதற்கும் இதுதான் பதில். மறுஅச்சுக்கே நாற்பத்தைந்து வயது தாண்டிவிட்டது. தேய்மானம், பூஞ்சை வாடை, முந்தைய உடைமைக்காரர் பேனாவால் எழுதிய பெயர் எல்லாம் அதற்கும் வந்திருக்கும். பழைய மறுஅச்சு பழையதாகத்தானே இருக்கும்.

நான்கு படங்களையும் பெரிதாக்கிப் பார்த்தபோது இன்னொன்று கண்ணில் பட்டது. லேபிள் படங்கள் இரண்டையும் லேபிளின் விளிம்போடு வட்டமாக வெட்டியிருந்தார். அரை அங்குலம் தள்ளி வெட்டியிருந்தால் அந்த வளையம் தெரிந்திருக்கும். அன்றைக்கு அழகுக்காக வெட்டியிருக்கிறார் என்று நினைத்தேன்.

எழுதிக் கேட்டேன். மரியாதையாகத்தான் பதில் வந்தது. “நான் ஒரிஜினல் லேபிள் என்றுதான் சொன்னேன், முதல் அச்சு என்று எங்கும் சொல்லவில்லை. தட்டு நன்றாக ஓடுகிறதல்லவா? மகிழ்ச்சியாகக் கேளுங்கள்.” இரண்டாவது செய்திக்குப் பதில் இல்லை. மூன்றாவது செய்தி போகவே இல்லை, என்னைத் தடை செய்துவிட்டார். பணம் அனுப்பும் சேவையிடம் புகார் கொடுத்தேன். நீங்களே நண்பர் என்று குறித்து அனுப்பியிருக்கிறீர்கள், நாங்கள் தலையிட முடியாது என்றார்கள். அவர்கள் சொன்னதிலும் தப்பில்லை.

வி.ஜி. பிளஸ் பற்றியும் ஒரு வார்த்தை. தட்டுகளின் நிலைக்கு அமெரிக்காவில் பெரும்பாலும் கோல்ட்மைன் பத்திரிகையின் தரவரிசையைத்தான் வைத்துக்கொள்கிறார்கள். அதன்படி வி.ஜி. பிளஸ் என்றால் நியர் மின்ட், அதாவது ஏறக்குறையப் புதுசு மாதிரி இருக்கும் தட்டின் விலையில் பாதி, வி.ஜி. என்றால் கால்வாசி. ‘குட்’ என்று போட்டிருந்தால் வாங்காதீர்கள். அந்த அகராதியில் குட் என்றால் மோசம். ஒரே ஒரு பிளஸ் குறிக்கு விலை இரண்டு மடங்காகிறது என்றால், அந்தக் குறியைப் போட எவ்வளவு பேருக்குக் கை பரபரக்கும் என்று யோசித்துப் பாருங்கள். ஜான்சன் தட்டுக்கு அவர் கொடுத்திருந்ததும் வி.ஜி. பிளஸ்தான். முதல் பாட்டில் கீறல் சத்தம் மழையாகப் பெய்கிறது.

இனி நான் வாங்கும்போது செய்யப்போவது, முதல் வேலையாக அந்த வளையத்தின் படத்தை இரண்டு பக்கத்துக்கும் கேட்பது. விளக்கைப் பக்கவாட்டில் பிடித்துத் தட்டைச் சாய்த்தால் சாதாரண செல்போனிலேயே எழுத்து விழும். “முடியவில்லை, என் கேமரா சரியில்லை” என்று பதில் வந்தால் நன்றி சொல்லி விலகிவிடுவேன். அடுத்தது, ‘இது முதல் அச்சா? ஆம் அல்லது இல்லை’ என்று ஒரே கேள்வியை எழுத்தில் கேட்பது. ஒரிஜினல், விண்டேஜ், அந்தக் காலத்து என்ற சொற்களில் வரும் பதிலை ‘இல்லை’ என்றே எடுத்துக்கொள்ளலாம். அட்டையும் தட்டும் ஒரே ஜோடியா என்பதையும் தனியாகக் கேட்க வேண்டும். பணம் மட்டும் பொருள் வாங்கும் முறையில்தான் போகும், கட்டணத்தை நானே கொடுத்தாலும் சரி.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். என்னை ஏமாற்றியது முறையான மறுஅச்சு. இதைவிட மோசம் கள்ள அச்சு. பீட்டில்ஸின் ‘இன்ட்ரொடியூசிங் தி பீட்டில்ஸ்’ 1964இல் வீ-ஜே கம்பெனியில் வந்தது. ஜிம்மி ரீட், ஜான் லீ ஹூக்கர் என்று ப்ளூஸ் போட்டுக்கொண்டிருந்த கம்பெனி அது. அமெரிக்காவில் இந்த எல்.பி. அளவுக்குக் கள்ள அச்சு போட்ட தட்டு இன்னொன்று இருக்குமா என்பது சந்தேகம். அசல் லேபிளில் குழுவின் பெயர், தட்டின் பெயர் இரண்டுமே நடு ஓட்டைக்கு மேலே இருக்கும். இரண்டுக்கும் நடுவில் ஓட்டை வந்தால் அது போலி. பழைய பொருள் கடைகளில் இதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன், ஒவ்வொரு தடவையும் சிரித்துவிட்டுக் கீழே வைத்திருக்கிறேன். அந்தச் சிரிப்புக்குத்தான் இப்போது வட்டி கட்டியிருக்கிறாய் என்றார் அண்ணன்.

எலிவேட்டர்ஸ் தட்டை விற்கவில்லை. 1979 அச்சு என்று சொல்லி விற்றால் எண்பது டாலருக்கு மேல் கேட்க மனசு வராது. சொல்லாமல் விற்கவும் மனசு வரவில்லை. உள்ளுறைக்குள் ஒரு துண்டுச் சீட்டில் ‘1979 மறுஅச்சு, வளையத்தில் மாஸ்டர்ஃபோனிக்ஸ் பார்க்கவும்’ என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி வைத்திருக்கிறேன்.

நேற்று அவர் போட்டிருக்கும் தட்டின் விலை 520. இதிலும் லேபிள் படம் வட்டமாகத்தான் வெட்டியிருக்கிறது.