சி.என்.சி. ரூட்டர் வாங்குகிறீர்களா? முதலில் பெட்டியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள்

கோவையில் சிறு சி.என்.சி. ரூட்டர் (கணினி சொல்படி மரத்தைச் செதுக்கும் இயந்திரம்) வாங்க நினைப்பவர்கள், பணம் கொடுப்பதற்கு முன் கண்ட்ரோல் பெட்டியின் மூடியைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். "சீல் உடைந்தால் வாரண்டி போய்விடும்ங்க" என்று பதில் வந்தால் அப்போதே எழுந்து வந்துவிடுங்கள். என் பெட்டியின் சீலுக்குள் என்ன இருந்தது என்று சொல்கிறேன்.

நான் வாங்கியது இரண்டடிக்கு மூன்றடி மேசை. வெட்டும் பிட்டைச் சுழற்றும் 1.5 கிலோவாட் ஸ்பிண்டில் மோட்டார், அதன் வேகத்தைக் கட்டுப்படுத்தி ஓட்ட ஒரு வி.எப்.டி., ஸ்பிண்டிலை அங்குமிங்கும் நகர்த்த நீமா 23 அளவு ஸ்டெப்பர் மோட்டார்கள், 36 வோல்ட் பவர் சப்ளை. விலை 1,35,000 ரூபாய். பெயர்ப்பலகை, பூஜையறைக் கதவு என்று வீட்டுக்கும் உறவுக்கும் செய்துகொடுக்கும் ஆசைதான். சோமனூரில் முன்பு தறி ஓடிய எங்கள் கொட்டகையில் இறக்கினோம்.

ஸ்பிண்டிலை நிறுத்திவிட்டு வெறுமனே ஓட்டினால் இயந்திரம் இம்மியும் பிசகாது. ஸ்பிண்டில் சுற்றத் தொடங்கியதும், எதுவும் இடிக்காமலேயே லிமிட் சுவிட்ச் (ஓரத்தை எட்டினால் இயந்திரத்தை நிறுத்துவது) இடிபட்டதாக அலாரம் வந்து நின்றுவிடும். சில வேளைகளில் லேப்டாப்புடன் யு.எஸ்.பி. தொடர்பே அறுந்துபோகும். அலுமினியச் சட்டத்தில் புறங்கை பட்டால் சுரீர் என்றது.

"உங்கள் ஊர் கரண்ட் அப்படிங்க. சுற்றிலும் விசைத்தறி. ஸ்டெபிலைசர் போட்டால் சரியாகிவிடும்" என்றார் விற்றவர். அதையும் அவரே 7,500 ரூபாய்க்குக் கொடுத்தார். அலாரம் நிற்கவில்லை. அடுத்து லேப்டாப்பின் மேல் பழி போட்டார். அதற்கடுத்து வேப்பமரம் கெட்டி என்றார். சரிபார்க்க அனுப்பிய பையன், கரண்ட் இருக்கும்போதே ஸ்டெப்பர் மோட்டாரின் இணைப்பைப் பிடுங்கினான். ஓடும் மோட்டாரின் வயரை அப்படிப் பிரித்தால் டிரைவர் (மோட்டாருக்குக் கரண்ட் கொடுக்கும் போர்டு) போய்விடும். இந்தத் தொழிலில் இருப்பவர்கள் முதலில் கற்கும் பாடம் அது. டிரைவர் போனது. அதற்கும் என் பெயரில்தான் பில்.

கடைசியில் எங்கள் ஊர்த் தறி எலக்ட்ரீஷியன் அண்ணனை அழைத்தேன். ஊர் கரண்டைக் குறை சொன்னது அவருக்குப் பொறுக்கவில்லை. ஸ்டெபிலைசரைக் கழற்றிவிட்டு, ஸ்பிண்டில் ஓடும்போதே வி.எப்.டி. முனையில் மீட்டர் வைத்தார்: 228 வோல்ட், பெரிய ஆட்டம் இல்லை. பிறகு பிளக்கைப் பிடுங்கிவிட்டு, அதன் எர்த் பின்னுக்கும் இயந்திரச் சட்டத்துக்கும் இடையே தொடர்பு பார்த்தார். மீட்டர் சத்தமே போடவில்லை. எர்த் சட்டத்துக்கு வரவே இல்லை என்று அர்த்தம்.

வி.எப்.டி.யின் கெப்பாசிட்டர்கள் இறங்குவதற்குப் பத்து நிமிடம் காத்திருந்துதான் மூடியைத் திறந்தார். எர்த்துக்கான பச்சை வயர் பெட்டிக்குள் நுழைந்ததும் வெட்டப்பட்டு, நுனியில் டேப் சுற்றியிருந்தது. உடைந்ததல்ல, வெட்டியது. எர்த் இல்லாவிட்டால் பவர் சப்ளையின் வடிகட்டிக் கெப்பாசிட்டர்கள் வழியாகக் கசியும் மின்சாரம் சட்டத்திலேயே தேங்கும். மீட்டரில் 110 வோல்ட்டுக்குப் பக்கத்தில் காட்டும். அந்தச் சுரீர் இதுதான். ஆளைக் கொல்லும் அளவு கரண்ட் அதில் இல்லை. ஆனால் பேஸ் வயர் உரிந்து சட்டத்தில் பட்டிருந்தால் எம்.சி.பி. (அளவுக்கு மீறிக் கரண்ட் பாய்ந்தால் விழும் சுவிட்ச்) விழாது. கரண்ட் கசிந்தால் உடனே துண்டிக்கும் ஆர்.சி.சி.பி.யும் கொட்டகையில் இல்லை. அப்போது கரண்ட் போக என் உடம்பு ஒன்றுதான் வழி.

ஸ்பிண்டிலுக்குப் போன கேபிளில் ஷீல்டு (மின் இரைச்சல் வெளியே பரவாமல் தடுக்கும் உலோக உறை) கிடையாது. லிமிட் சுவிட்ச் வயர்களும் அதனுடனே ஒரே கட்டாகக் கட்டப்பட்டிருந்தன. வி.எப்.டி.யின் மின் இரைச்சல் சுவிட்ச் வயரில் ஏறினால் கண்ட்ரோலர் அதை இடி என்றுதானே எடுத்துக்கொள்ளும்? பவர் சப்ளை முனையில் 36 வோல்ட். டிரைவர் முனையில், மோட்டார்கள் ஓடும்போது 31. நடுவில் ஒரு திருகு, செம்பை விட்டுவிட்டு வயரின் தோல்மீது இறுக்கப்பட்டு, பிளாஸ்டிக் கருகியிருந்தது.

செலவு 3,000 ரூபாய்க்குள் முடிந்தது. ஷீல்டு கேபிள் போட்டு அதன் ஷீல்டையும் எர்த்தில் சேர்த்தார். பெயிண்டைச் சுரண்டிப் பச்சை வயரைச் சட்டத்தில் முறுக்கினார். லிமிட் சுவிட்ச் வயர்களைத் தனி வழியில் கொண்டுபோய், சாதாரண நிலையில் மூடியிருக்கும் இணைப்புக்கு மாற்றினார். வயர் அறுந்தாலும் இயந்திரம் நின்றுவிடும் என்பது அதில் கூடுதல் நன்மை. ஆர்.சி.சி.பி.யும் போட்டாயிற்று, வி.எப்.டி.க்குப் பொருந்தும் வகையாகப் பார்த்து. அதன்பின் அலாரமும் இல்லை, சுரீரும் இல்லை.

பச்சை வயரை ஏன் வெட்டினீர்கள் என்று அந்தப் பையனிடம் கேட்டேன். "எர்த் கொடுத்தால் சில வீடுகளில் ஆர்.சி.சி.பி. விழுந்துவிடுதுங்கண்ணா. புகார் வருதுன்னு எல்லாப் பெட்டியிலும் வெட்டிவிடச் சொல்லியிருக்காங்க" என்றான். எல்லாப் பெட்டியிலும்! மோட்டாரும் பம்பும் கிரைண்டரும் செய்து பெயர் வாங்கிய ஊரில் இருந்துகொண்டு இப்படி.

ஸ்டெபிலைசரைத் திரும்ப எடுக்கவும், டிரைவருக்கு வாங்கிய பணத்தைக் கொடுக்கவும் உரிமையாளர் மறுக்கிறார். நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிந்துவிட்டேன். அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம்தான். 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி நாம் வசிக்கும் மாவட்டத்திலேயே மனுக் கொடுக்கலாம். உங்கள் பெட்டியிலும் பச்சை வயர் வெட்டியிருந்தால், மறுபடி இணைப்பதற்கு முன் படம் எடுத்து வையுங்கள், பில்லையும் தொலைத்துவிடாதீர்கள்.