எதிரி விமானமா, பயணிகள் விமானமா: ஐயமான சான்றுகளைச் சேர்க்கும் மூன்று வழிகள்

ரேடார் திரையில் ஒரு புள்ளி நெருங்கி வருகிறது. அது எதிரி விமானம் என்பதற்கு அதன் வேகமும் திசையும் 0.6 அளவுக்கும், அடையாளக் கேள்விக்குப் பதில் வராதது 0.5 அளவுக்கும் வலுச் சேர்க்கின்றன என்று வைத்துக்கொள்வோம். விதிகளைக் கொண்டு இயங்கும் வல்லுநர் அமைப்பு இவ்விரண்டையும் சேர்த்துத் தளபதியிடம் என்ன சொல்ல வேண்டும்?

ஸ்டான்ஃபோர்டில் 1970களில் நோய்த்தொற்றுகளைக் கண்டறிய உருவான மைசின் என்ற வல்லுநர் அமைப்பு, ஒவ்வொரு சான்றின் வலுவையும் ஓர் எண்ணாகக் குறிக்கும் உறுதிக் காரணி என்னும் முறையைக் கையாண்டது. முதல் சான்று விட்டுவைத்த 0.4 இடைவெளியில் பாதியை இரண்டாவது சான்று நிரப்புவதால் விடை 0.8 ஆகிறது. நிகழ்தகவு அட்டவணைகள் ஏதுமின்றி விதிகளை எழுதிவிடலாம் என்பது இதன் பெரிய வசதி. ஆனால் அதே ரேடார் தகவல் வேறொரு கப்பல் வழியாக மறுபடியும் வந்தால், அமைப்பு அதைப் புதிய சான்றாக எண்ணி 0.92 என்கிறது. முரண்பட்ட சான்றுகளை இம்முறை கையாளும் விதம் எனக்கு இன்னும் கவலை தருகிறது: எதிரி என்பதற்கு 0.6, எதிரியல்ல என்பதற்கு 0.5 என வந்தால், மைசினின் வழித்தோன்றலான ஈமைசினின் சூத்திரம் 0.2 என்ற ஒற்றை எண்ணைத் தருகிறது. சான்றுகளே வலுவற்றவையா, வலுவான இரண்டு சான்றுகள் மோதுகின்றனவா என்பது அந்த எண்ணில் தெரிவதில்லை.

தெரியாமைக்கும் தனி அளவு ஒதுக்கும் டெம்ப்ஸ்டர்-ஷேஃபர் முறையிலும் முதல் கணக்குக்கு 0.8 தான் வருகிறது. ஆனால் எஞ்சிய 0.2 ‘தெரியவில்லை’ என்று தனியே நிற்கிறது. முரண்பட்ட கணக்கில், மோதலின் அளவு 0.3 (0.6 × 0.5) என்பது வெளிப்படையாகத் தெரிந்து, எஞ்சிய 0.7-ஐ முழுமையாகக் கொண்டு எதிரிக்கு 0.43, எதிரியல்ல என்பதற்கு 0.29, தெரியாமைக்கு 0.29 எனப் பிரிகிறது. எனினும் மோதல் மிகும்போது இம்முறை சறுக்கும் என்பதை கணினி அறிவியலாளர் லோட்ஃபி ஸாதே காட்டினார். ஒரு கருவி போர் விமானத்துக்கு 0.99, ஹெலிகாப்டருக்கு 0.01 என்றும், மற்றொன்று பயணிகள் விமானத்துக்கு 0.99, ஹெலிகாப்டருக்கு 0.01 என்றும் சொன்னால், இரு கருவிகளும் ஏறக்குறைய மறுத்த ஹெலிகாப்டரையே இது முழு உறுதியோடு அறிவிக்கும்.

நிகழ்தகவைக் கொண்டு கணக்கிடும் பேயஸ் முறை மட்டுமே, சான்றுகளைப் பார்க்கும் முன் ஒரு கேள்வியைக் கேட்டு, அதன் விடையை முன்நிகழ்தகவாகக் கொள்கிறது: இந்த வான்வழியில், இந்த நேரத்தில், எதிரி விமானம் வருவது எவ்வளவு அரிது? நூற்றில் ஒன்றுதான் எதிரி என்றால், பயணிகள் விமானத்தைவிட எதிரியிடம் முறையே 4 மடங்கும் 3 மடங்கும் கூடுதலாகத் தென்படக்கூடிய இரண்டு தனித்தனிச் சான்றுகள் சேர்ந்தாலும் விடை சுமார் 11 விழுக்காடுதான். இக்கேள்வி ஏன் முக்கியம் என்பதை ஒரு நிகழ்வு காட்டுகிறது: 1988 ஜூலை 3 அன்று அமெரிக்கப் போர்க்கப்பல் வின்சென்ஸ் சுட்டு வீழ்த்திய ஈரான் ஏர் 655, பந்தர் அப்பாஸிலிருந்து துபாய்க்குச் சென்ற வழக்கமான பயணிகள் விமானம். அதிலிருந்த 290 பேரும் இறந்தனர். விமானம் மேலேறிக்கொண்டிருந்ததைக் கப்பலின் கருவிகள் பதிவு செய்திருந்தும், அது கீழிறங்கி வருவதாகவே கட்டளை அறையில் சொல்லப்பட்டது.

போர்க்காலத்தில் அந்த முன்நிகழ்தகவை யார் நிர்ணயிப்பது என்பது கடினமான கேள்விதான். பேயஸைத் தவிர்ப்போர் முன்வைக்கும் நியாயமான காரணமும் அதுவே. ஆனால் அதைக் கேட்காத முறை அதற்கு விடை கண்டுவிட்டதாகாது. எது எதைச் சார்ந்தது என்பதைக் கணுக்களும் அம்புகளுமாக வரையும் பேயஸ் வலைகள், ஒரே மூலத்திலிருந்து வரும் இரு அறிக்கைகளைப் பொதுக் கணுவில் இணைத்து இரட்டைக் கணக்கைத் தவிர்க்கவும் இடம் தருகின்றன. ஆகவே சுடுவதற்கான விதியைப் பேயஸ் கணக்கில் நிறுத்தி, அதனருகில் டெம்ப்ஸ்டர்-ஷேஃபரின் மோதல் அளவைத் தனி எண்ணாகத் திரையில் காட்டுவதையே நான் தேர்வேன். உறுதிக் காரணியை ஏவுகணைப் பொத்தானுக்கு அருகே வைக்க மாட்டேன். பழுதான இயந்திரத்தில் எந்த உதிரிபாகத்தை முதலில் கழற்றிப் பார்ப்பது என்பது போன்ற, தவறினால் திருத்திக்கொள்ளக்கூடிய முடிவுகளுக்கு அது போதும்.