கொளத்தூர் சந்துக் கடையில் ‘டீகப்’ திருக்கை

சென்னை கொளத்தூரில் பெரிய வளர்ப்பு மீன் கடைகளைத் தாண்டி ஒரு சந்துக்குள் இருக்கிறது இந்தச் சின்னக் கடை. முன்பக்கம் ஆஸ்கர், அரோவானா எல்லாம் பெயருக்குத்தான். கடைக்காரரின் மனசு பின்னறையில், தென்னமெரிக்க நன்னீர்த் திருக்கைத் தொட்டிகளில் இருக்கிறது.

நான் கேட்டது டீகப் ஸ்டிங்ரே. விலை சொல்வதற்கு முன்பே, “அண்ணே, டேங்க் அகலம் எவ்வளவு?” என்றார். டீகப் என்று உள்ளங்கை அளவில் விற்கும் இந்த ரெட்டிகுலேட்டா வகை வளர்ந்தால், வாலை விட்டுவிட்டு உடல் வட்டம் மட்டுமே ஏறக்குறைய ஓர் அடி வரும். தரையோடு கிடக்கிற மீனுக்கு உயரம் எதற்கு, திரும்ப இடம்தானே வேண்டும்? இரண்டரை அடி என்றதும்தான் விளக்கையே போட்டார். பெயரை நம்பிச் சின்னத் தொட்டியோடு வருகிறவர்களுக்கு விற்பதில்லையாம்.

தீனி போட்டுக் காட்டியது எனக்கு ரொம்பப் பிடித்தது. பிளட்வார்ம் புழுக்கட்டி கரைந்ததும் மணலுக்குள் புதைந்திருந்தது எழுந்து வந்து அதன்மேல் அப்படியே கவிழ்ந்துகொண்டது. வாய் அடிப்பக்கம் என்பதால் மென்று தின்பது தெரியாது. எழுந்து போன பிறகு புழு மிச்சம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தின்னாத திருக்கையை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். வால் தொடங்கும் இடத்தில் இடுப்பு துருத்தியிருந்தாலோ, உடலின் ஓரம் மேலே சுருண்டிருந்தாலோ வேண்டவே வேண்டாம்.

பேக்கிங்கும் கச்சிதம். வாலில் உள்ள விஷ முள் கவரைக் கிழிக்காமல் இருக்க, அதன்மேல் ஏர் டியூப் துண்டைச் செருகிவிட்டார். முள்ளை வெட்டித் தரக் கேட்பவர்களுக்குத் திட்டுதான் கிடைக்கும். அது எப்படியும் திரும்ப முளைத்துவிடும். திருக்கை தொட்டி ஹீட்டர்மேல் படுத்துச் சுட்டுக்கொள்ளும், ஹீட்டருக்குக் கூண்டு போடுங்கள் என்றும் சொன்னார். அந்தக் கூண்டை அவரே விற்கிறார் என்பது வேறு விஷயம்.

குறை, தொட்டியில் ஒட்டிய சீட்டுதான். ரெட்டிகுலேட்டா வடக்கே கயானா, வெனிசுவேலாப் பக்கத்து மீன்; இன்னொரு வகையான ஹிஸ்ட்ரிக்ஸ் தெற்கே பரானா, பராகுவே ஆறுகளில் இருப்பது. இங்கே இரண்டும் வெறும் ‘டீகப்’. எந்த ஆறு என்று கேட்டால் “பிரேசில்ண்ணே” என்கிறார். ரியோ நெக்ரோவின் குட்டித் திருக்கையான வாலசை உட்பட ஏழு வகைகளை 2022 பனாமா மாநாட்டில் அரிய உயிரினங்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். வகைப் பெயர் இல்லாத பில்லால் நாளைக்கு நமக்குத்தான் தலைவலி. கேட்டேன், எழுதித் தந்தார்.

பேரம் படியாது. பிளட்வார்ம் ஒரு பாக்கெட் சும்மா கொடுத்தார், அவ்வளவுதான். வார நாளில் போங்கள். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் தீனி போட்டுக் காட்ட அவருக்கு நேரம் இருக்காது.