செட்டிநாட்டு வீடு விலைக்கு: தூணை விடுங்கள், கூரையைப் பாருங்கள்

காரைக்குடி, கானாடுகாத்தான், பள்ளத்தூர் பக்கம் விலைக்கு வரும் பழைய நகரத்தார் வீடுகளில் தரகர் முதலில் காட்டுவது முகப்பின் பர்மா தேக்குத் தூண்களை. அவை இன்னும் நூறு வருஷம் நிற்கும். ஆத்தங்குடி ஊரின் பூக்கல் (டைல்ஸ்) பதித்த தரையைப் பற்றியும் கவலை வேண்டாம். உடைந்த கல்லுக்கு மாற்று அந்த ஊரிலேயே இன்றும் கையால் வார்க்கிறார்கள். காசு கரையும் இடம் கூரை.

வளவை, அதாவது நடுமுற்றமுள்ள உள்கட்டைச் சுற்றிய ஓட்டுச் சரிவுகள் முற்றத்தை நோக்கி இறங்கும். இரண்டு சரிவு கூடும் மூலையில் மழைத்தண்ணீர் மொத்தமும் ஒரு தகரத்தில்தான் ஓடும். அது துருப்பிடித்தால் அடியிலிருக்கும் மரம் போச்சு. தேக்கின் வைரத்தை, அதாவது கெட்டியான நடுப்பகுதியைக் கறையான் லேசில் தொடாது, ஆனால் வருஷக்கணக்கில் ஊறும் ஈரத்தை எந்த மரமும் தாங்காது. உத்திரம் சுவருக்குள் புதையும் இடத்தில் ஸ்க்ரூடிரைவரால் குத்துங்கள். அரை அங்குலம் அழுத்தாமலே இறங்கினால் அந்த உத்திரத்துக்கும் சேர்த்து விலையைக் குறையுங்கள்.

அடுத்தது சுவர். கடுக்காயும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்து இழைத்த பழைய சுண்ணாம்புப் பூச்சு கண்ணாடி மாதிரி வழவழக்கும். அதன் மேல் யாராவது சிமெண்ட் பூசியிருந்தால் உள்ளே ஏறும் ஈரம் வெளியேற வழியில்லாமல் இடுப்பளவு உயரத்தில் உப்புப் பூத்து உதிரும். பெயிண்ட் அடித்தால் அடங்காது. சிமெண்டைக் கொத்தி எடுத்து, ஒரு கோடை காயவிட்டு, நன்றாக ஊறிய சுண்ணாம்பில் ஒன்றுக்கு மூன்று மணல் கலந்து பூச வேண்டும். சிமெண்ட் மேஸ்திரியை நம்பி இந்த வேலையை விடாதீர்கள்.

பத்திரம்தான் பெரிய தலைவலி. பாகம் பிரியாத வீடென்றால் பங்காளிகள் அத்தனை பேர் கையெழுத்தும் வேண்டும். பாதிப் பேர் மலேசியா, சிங்கப்பூரில் இருப்பார்கள். வெளிநாட்டில் எழுதிய பவர் பத்திரம் இந்தியா வந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டப்பட்டதா என்று பாருங்கள். ஒருவர் பாக்கி என்றாலும் முன்பணம் வேண்டாம். கதவு, நிலை, பெல்ஜியம் கண்ணாடி, சரவிளக்கு எல்லாவற்றையும் எண்ணி அக்ரிமெண்டில் எழுதுங்கள். எழுதாதது பதிவு நாளுக்குள் பழம்பொருள் கடைக்கு நடந்துவிடும்.

நாலு பேர் குடியிருக்க இந்த வீடு வீண்செலவு. பெருக்கவே இரண்டு ஆள் வேண்டும். விடுதி நடத்தும் எண்ணம் இருந்தால், மூன்று கட்டு (ஒன்றன்பின் ஒன்றாக மூன்று பகுதி) வீட்டைவிட ஓடு நன்றாக உள்ள இரண்டு கட்டு வீடு மேல். தை மாதம் வெள்ளையடித்துக் காட்டுவார்கள். நீங்கள் ஐப்பசி மழையில் போய்ப் பாருங்கள்.