சின்ன கேபினட்டில் "ஐ9": ரெண்டரிங் கணினி வாங்கப் போகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

கட்டடக்கலை மாடலிங், ரெண்டரிங் இரண்டுக்கும் என்று தெளிவாகச் சொல்லி, 12 லிட்டர் கேபினட்டில் அசெம்பிள் செய்து வாங்கிய கணினி இது. எங்கெங்கே ஏமாற்றினார்கள், அதை எப்படிக் கண்டுபிடிப்பது என்பதை விவரமாக எழுதுகிறோம். ரெவிட், ஸ்கெட்ச்அப் (மாடலிங்), என்ஸ்கேப், வி-ரே (மாடலைப் படமாக்கும் ரெண்டரிங்) மென்பொருள்களில் வேலை செய்பவர்கள் பணம் கட்டுவதற்கு முன் ஒருமுறை படித்துவிடுங்கள்.

கொட்டேஷனில் இருந்தது இவ்வளவுதான்: "ஐ9 13ஆம் தலைமுறை, டிடிஆர்5 32 ஜிபி (64 வரை), 1 டிபி என்விஎம்இ, ஆர்டிஎக்ஸ் 4060 டிஐ, 650 வாட் கோல்டு." வாசிக்க நன்றாக இருக்கிறது. கடைசி ஒன்றைத் தவிர இதில் எதையும் பொய் என்று நிரூபிக்கவும் முடியாது. எந்த வரியிலும் முழு மாடல் எண் கிடையாது, அங்கேதான் எல்லாம் நடந்தது.

முதலில் சிப், அதாவது சிபியு. சிப்பின் விவரம் காட்டும் சிபியு-இசட் மென்பொருளைத் திறந்ததும் வந்த பெயர் ஐ9-13900எச். கடைசியில் இருக்கும் அந்த "எச்" லேப்டாப் சிப்புக்கான குறி. டெஸ்க்டாப் சிப்பான 13900கே-யில் 24 கோர் (தனித்தனிக் கணக்கீட்டுப் பகுதிகள்), 32 த்ரெட் (ஒரே நேரத்தில் ஓடும் வேலைகள்). 13900எச்-இல் 14 கோர், 20 த்ரெட். அடிப்படை மின்சக்தி அங்கே 125 வாட், இங்கே 45 வாட். இரண்டுமே ஐ9, இரண்டுமே 13ஆம் தலைமுறை. லேப்டாப் சிப்பை மினி-ஐடிஎக்ஸ் என்ற சிறிய அளவு போர்டில் நேரடியாகச் சால்டர் செய்து விற்கும் போர்டுகள் சந்தையில் உண்டு; வந்தது அப்படி ஒன்று. சாக்கெட் இல்லாததால் பின்னாளில் சிப்பை மட்டும் மாற்ற வழியில்லை. போர்டு போனால் சிப்பும் சேர்ந்து போகும். போர்டில் தயாரிப்பாளர் பெயரே இல்லை, எனவே பயாஸ் (போர்டின் அடிப்படை மென்பொருள்) அப்டேட்டை எங்கே தேடுவது என்றும் தெரியாது.

டெமோவில் இது தெரியாமல் போனதற்குக் காரணம் இருக்கிறது. மாடலிங் வேலை பெரும்பாலும் ஒரே ஒரு கோரின் வேகத்தை நம்பித்தான் ஓடுகிறது. ஸ்கெட்ச்அப்பில் மாடலைச் சுழற்றுவது, ரெவிட்டில் சுவரை நகர்த்தியதும் வியூ புதுப்பிக்கப்படுவது எல்லாம் இந்த வகை. 13900எச்-இன் உச்ச வேகம் 5.4 கிகாஹெர்ட்ஸ், 13900கே-யின் உச்சம் 5.8. ஐந்து நிமிடம் மாடலைச் சுழற்றிக் காட்டினால் இந்த வித்தியாசத்தை யாராலும் பிடிக்க முடியாது. வி-ரேயைச் சிபியுவில் ஓட்டும்போது எல்லாக் கோர்களும் மணிக்கணக்கில் முழுச்சுமையில் நிற்க வேண்டும். அப்போதுதான் உள்ளே இருப்பது என்ன என்று தெரியவரும். டெமோவில் மாடலைச் சுழற்றிக் காட்டினால் போதாது, ரெண்டர் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள்.

சூட்டையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். 12 லிட்டர் பெட்டியில், கிராஃபிக்ஸ் கார்டு போர்டின் முதுகுப்புறம் நிற்கும் அமைப்பில், சிபியு கூலருக்குப் பொதுவாக 50 முதல் 70 மில்லிமீட்டர் உயரம்தான் கிடைக்கும். வந்த பெட்டியில் இருந்தது 37 மில்லிமீட்டர் கூலர். அதுவும் சூடான காற்றை வெளியேற்ற ஒரு ஃபேன்கூட இல்லாமல். பக்கத் தகட்டைக் கழற்றி வைத்து ஓட்டியபோது ஒழுங்காக இருந்தது. தகட்டை மூடி சினிபெஞ்ச் என்ற சுமைச் சோதனையை ஓட்டியதும் மூன்றாவது நிமிடத்தில் 100 டிகிரி செல்சியஸ். அதன் பிறகு சிப் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொண்டே போனது. கடையில் தகடு திறந்தபடிதான் காட்டினார்கள், உள்ளே எல்லாம் தெரியட்டும் என்பது அவர்கள் சொன்ன காரணம். சோதனை எதுவானாலும் எல்லாத் தகடுகளையும் மாட்டி, குறைந்தது 30 நிமிடம் ஓட்டியே பார்க்க வேண்டும். எச்டபிள்யு-இன்ஃபோ மென்பொருளில் "தெர்மல் த்ராட்லிங்" வரியில் "ஆம்" என்று வந்தால், அந்தக் கூலர் அந்தச் சிப்புக்குப் போதாது என்று அர்த்தம்.

அடுத்தது கிராஃபிக்ஸ் கார்டு. கட்டடக்கலைக்காரர்களை இந்த இடத்தில்தான் மிக எளிதாக ஏமாற்றுகிறார்கள். ஆர்டிஎக்ஸ் 4060 டிஐ 8 ஜிபியிலும் வருகிறது, 16 ஜிபியிலும் வருகிறது. வாய்மொழியாக 16 என்று பேசியது, பெட்டிக்குள் வந்தது 8. கேட்டால், "கொட்டேஷனில் 4060 டிஐ என்றுதானே இருக்கிறது?" என்ற பதில். இந்தக் கார்டு மட்டும்தான் இப்படி என்று நினைக்க வேண்டாம். 5060 டிஐயிலும் 8, 16 என இரண்டு உண்டு. ஆர்டிஎக்ஸ் 3060-இல் 12 ஜிபி கார்டும் 8 ஜிபி கார்டும் இருக்கின்றன. 8 ஜிபி கார்டில் நினைவகம் குறைவது மட்டுமல்ல, நினைவகப் பாதையும் 192 பிட்டிலிருந்து 128 ஆகக் குறைகிறது. ஆர்டிஎக்ஸ் 3050-இன் 6 ஜிபி கார்டில் கோர்களின் எண்ணிக்கையே குறைவு. பெயர் ஒன்று, பொருள் வேறு.

8 ஜிபி ஏன் போதாது என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு. 4096-க்கு 4096 பிக்சல் டெக்ஸ்ச்சர் (பரப்பின் மேல் ஒட்டும் படம்) ஒன்றைச் சுருக்காமல் ஏற்றினால் 64 எம்பி. தூரத்துக் காட்சிக்கான மிப்மேப் நிலைகளையும் சேர்த்தால் ஏறக்குறைய 85 எம்பி. ஒரு மெட்டீரியலுக்கு நிறம், நார்மல், ரஃப்னெஸ் என்று மூன்று மேப் வைத்தால் 255 எம்பி. இப்படி 30 மெட்டீரியல் வந்தாலே ஏறக்குறைய ஏழரை ஜிபி ஆகிவிடும். மரம், புல், நாற்காலி, ஆள், கார் எதையும் இன்னும் வைக்கவில்லை. விண்டோஸும் இரண்டு மானிட்டர்களும் எடுத்துக்கொள்ளும் பங்கு தனி. சுருக்கி ஏற்றும் வசதி பல மென்பொருள்களில் உண்டு, அது உதவும். ஆனால் தோட்டத்தோடு கூடிய ஒரு வெளிப்புறக் காட்சியில் அந்த மிச்சம் வேகமாகக் கரைந்துவிடும்.

கார்டின் நினைவகம் நிரம்பினால் விண்டோஸ் மிச்சத்தை ரேமில் வைக்கிறது. டாஸ்க் மேனேஜரில் "ஷேர்டு ஜிபியு மெமரி" என்று காட்டுவது அதைத்தான். ரேமுக்குப் போய் வரும் பாதை கார்டின் சொந்த நினைவகத்தைவிடப் பல மடங்கு மெதுவானது. காட்சி திக்கித் திக்கி நகரும், அல்லது மென்பொருள் மூடிக்கொள்ளும், அல்லது ரெண்டர் பாதியில் நினைவகம் போதவில்லை என்று நிற்கும். "இதில் 8 இருக்கிறது, ரேமிலிருந்து 16 எடுத்துக்கொள்ளும், மொத்தம் 24" என்று விற்பவர் சொன்னால் அந்த இடத்திலேயே எழுந்து வந்துவிடுங்கள்.

ரேமிலும் ஒரு விளையாட்டு. 32 ஜிபி குச்சி ஒன்றே ஒன்று. டிடிஆர்5 குச்சி ஒன்றுக்குள்ளேயே 32 பிட் துணைச் சேனல்கள் இரண்டு இருப்பதால், சிபியு-இசட்டின் சில பதிப்புகள் ஒற்றைக் குச்சிக்கே "டூயல்" என்று காட்டும். அந்தத் திரையைக் காட்டித்தான் டூயல் சேனல் என்று சாதித்தார்கள். புதிய பதிப்பில் "2 x 32 பிட்" என்று வந்தால் ஒற்றைக் குச்சி, "4 x 32 பிட்" என்று வந்தால்தான் இரண்டும் வேலை செய்கின்றன. மினி-ஐடிஎக்ஸ் போர்டுகளில் பொதுவாக இரண்டே ஸ்லாட்தான் என்பதால், 64 வேண்டுமென்றால் 32+32 ஜோடியாக ஒரே பெட்டியில் வந்ததையே ஆரம்பத்திலேயே போட வேண்டும். பின்னால் வேறு குச்சியைச் சேர்த்தால் இரண்டும் ஒத்துப்போகும் என்று சொல்ல முடியாது. 6000 வேக ரேமுக்குப் பணம் கட்டியிருந்தால், சிபியு-இசட்டில் அதில் பாதி, 3000 மெகாஹெர்ட்ஸ், காட்ட வேண்டும். 2400 காட்டினால் ரேமை அதன் முழு வேகத்தில் ஓட்டும் எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போ அமைப்பைப் பயாஸில் யாரும் இயக்கவே இல்லை.

கொட்டேஷனில் என்விஎம்இ என்று இருந்த எஸ்எஸ்டி டிரைவை கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ மென்பொருளில் பார்த்தால் போதும். புதிது என்று வந்ததில் 4,000 மணி நேரத்துக்கு மேல் ஓடியிருந்தது. புதிய டிரைவில் ஓடிய நேரம் ஒற்றை இலக்கத்தில்தான் இருக்கும்.

பவர் சப்ளைதான் இருப்பதிலேயே ஆபத்தானது. மேலே ஒட்டியிருந்த ஸ்டிக்கரில் 650 வாட், கோல்டு சின்னம். பக்கவாட்டு லேபிளில் 12 வோல்ட் பாதைக்கு 36 ஆம்பியர். 12-ஐ 36-ஆல் பெருக்கினால் 432 வாட். உண்மையான 650 வாட் சப்ளையில் 12 வோல்ட்டில் 54 ஆம்பியர் அளவில் இருக்கும். சிபியுவும் கார்டும் குடிப்பது அநேகமாக முழுக்க 12 வோல்ட்டிலிருந்துதான், அதனால் அந்த ஓர் எண்ணைப் பாருங்கள், மேலே எழுதியிருப்பதை விடுங்கள். கோல்டு என்பது 80 பிளஸ் என்ற மின்திறன் சான்றின் ஒரு தரம். அந்தச் சான்று பெற்ற மாடல்களின் பட்டியல் பொதுவில் கிடைக்கிறது. இந்த மாடல் அதில் இல்லை.

இதைவிட மோசம், அந்தச் சப்ளையில் கார்டுக்கான 8 பின் கேபிளே இல்லை. டிரைவ்களுக்கான சாட்டா பவர் பிளக் ஒன்றிலிருந்து 8 பின்னுக்கு மாற்றும் அடாப்டரைப் போட்டு, கேபினட்டின் அடியில் மடித்து மறைத்திருந்தார்கள். சாட்டா பிளக்கின் 12 வோல்ட் பின்கள் மூன்று, பின் ஒன்றுக்கு ஒன்றரை ஆம்பியர். மொத்தம் 54 வாட். 4060 டிஐ எடுப்பது 160 வாட். அதில் ஸ்லாட் வழியாக அதிகபட்சம் 75 போனாலும் மிச்சம் 85 வாட் அந்த ஒற்றைப் பிளக்கில் விழுகிறது. இரவு முழுக்க ரெண்டர் ஓடும்போது அந்தப் பிளக் உருகும், தீப்பிடிக்கவும் வாய்ப்புண்டு. இப்படி ஓர் அடாப்டர் உங்கள் கணினியில் இருந்தால் இன்றைக்கே கழற்றுங்கள். எஸ்எஃப்எக்ஸ் என்ற சிறிய அளவிலேயே முறையான 8 பின் கேபிளோடு நல்ல சப்ளைகள் கிடைக்கின்றன.

ரெண்டர் தொடங்கியதும் திரை கறுத்துப்போகும் கோளாறும் இருந்தது. கடையில் "டிரைவர் பிரச்சினை" என்று மூன்று முறை விண்டோஸைப் புதிதாகப் போட்டுத் திருப்பி அனுப்பினார்கள். உண்மையில் காரணம் ரைசர் கேபிள், அதாவது கார்டை போர்டின் ஸ்லாட்டோடு இணைக்கும் நீட்டிப்புக் கேபிள். கார்டும் போர்டும் பிசிஐஇ (கார்டுக்கும் போர்டுக்கும் இடையிலான தரவுப் பாதை) 4.0, நடுவில் போட்ட கேபிள் 3.0-க்கு மட்டும் செய்தது. விண்டோஸின் பிழைப் பதிவேடான ஈவென்ட் வியூவரில் டபிள்யுஎச்இஏ-லாகர் என்ற பெயரில் 17 எண்ணுள்ள எச்சரிக்கைகள் வரிசையாகக் கிடந்தன. பயாஸில் அந்த ஸ்லாட்டை "ஜென் 3" என்று பூட்டியதும் கறுப்புத் திரை நின்றது. நோய் எது என்று உறுதிசெய்யத்தான் இது. 4060 டிஐ எட்டு லேன் (தரவுத் தடம்) மட்டும் பயன்படுத்தும் கார்டு என்பதால் ஜென் 3-இல் அதன் பாதை பாதியாகிவிடும். நினைவகம் வழிந்து ரேமுக்குப் போகும்போது அது வலிக்கும். முறையான 4.0 கேபிளை மாற்றித் தரச் சொல்வதே சரி. கார்டின் விவரம் காட்டும் ஜிபியு-இசட் மென்பொருளில் இணைப்பைச் சரிபார்க்கும்போது பக்கத்திலுள்ள கேள்விக்குறியை அழுத்திச் சுமை கொடுத்துப் பாருங்கள். சும்மா இருக்கும்போது பல கார்டுகள் 1.1 என்றுதான் காட்டும், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

புகார் சொன்னதும் இரண்டு மாற்று யோசனைகள் வந்தன. இரண்டிலும் விழுந்துவிடாதீர்கள். ஒன்று, கார்டுக்குப் பதிலாக "ஆர்க்கிடெக்ட்களுக்கான புரொஃபஷனல் கார்டு" என்று ஒரு குவாட்ரோ பி2200. நினைவகம் 5 ஜிபி, ஒளியின் பாதையைக் கணக்கிடும் ரே டிரேசிங் கோர்கள் அறவே கிடையாது. புரொஃபஷனல் வரிசையில்தான் வேண்டும் என்றால் ஆர்டிஎக்ஸ் ஏ4000 இருக்கிறது: 16 ஜிபி, 140 வாட், ஒற்றை ஸ்லாட் தடிமன். இன்னும் சிறிய பெட்டிக்கு ஆர்டிஎக்ஸ் ஏ2000-இன் 12 ஜிபி கார்டு 70 வாட்டில் ஓடும், தனி பவர் கேபிள் வேண்டாம். இதிலும் 6 ஜிபி ஒன்று உலவுகிறது, பார்த்து வாங்குங்கள்.

இரண்டாவது யோசனை, பழைய 13900கே ஒன்றை வேறு போர்டில் போட்டுத் தருவது. அந்தச் சிப் உச்சத்தில் 253 வாட் வரை இழுக்கும். இந்தப் பெட்டியின் கூலருக்கு அதில் பாதியே பாரம். அதோடு 13, 14ஆம் தலைமுறை டெஸ்க்டாப் சிப்களில் அளவுக்கு மீறிய மின்னழுத்தத்தால் சிப் நாளடைவில் நிலைகுலையும் சிக்கலை இன்டெலே ஒப்புக்கொண்டு 2024 ஆகஸ்டில் மைக்ரோகோட் (சிப்பின் உள் மென்பொருள்) திருத்தம் வெளியிட்டது. திருத்தம் இனிமேல் வரும் சேதத்தைத் தடுக்கும், ஏற்கெனவே கெட்ட சிப்பைச் சரிசெய்யாது. யாரோ ஓட்டிக் கழித்த 13900கே எந்த நிலையில் இருக்கிறது என்று வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது.

இதே 12 லிட்டருக்குள் ஒழுங்கான கணினி சாத்தியமே. ஏஎம்டியின் ரைசன் 9 7900: 12 கோர், 24 த்ரெட், சாக்கெட்டில் இழுக்கும் உச்ச மின்சக்தி 88 வாட். 60 மில்லிமீட்டர் அளவிலான, காற்றை மேலிருந்து கீழே போர்டை நோக்கி ஊதும் கூலர் அதற்குப் போதும். சிப்பைச் சுற்றியுள்ள மின்சுற்றும் சேர்ந்து குளிரும். பி650 மினி-ஐடிஎக்ஸ் போர்டு, 32+32 ரேம், 16 ஜிபி என்று எழுதப்பட்ட கார்டு, 650 வாட் எஸ்எஃப்எக்ஸ் சப்ளை, பிசிஐஇ 4.0 ரைசர். கார்டின் நீளம், தடிமன் இரண்டையும் கேபினட்டின் அளவுப் பக்கத்தோடு மில்லிமீட்டரில் ஒப்பிடுங்கள். இரண்டு ஸ்லாட் கார்டு என்று சொல்வதில் பல 50 மில்லிமீட்டர் தடிமன் இருக்கும், தகட்டில் முட்டும்.

கொட்டேஷனில் ஒவ்வொரு பொருளுக்கும் தயாரிப்பாளர் பெயர், கடைசி எழுத்து வரை மாடல் எண், ரேமுக்கு எத்தனை குச்சி, கார்டுக்கு எத்தனை ஜிபி என்று எழுதி வாங்குங்கள். பில்லில் சீரியல் எண்கள் இருக்க வேண்டும். காலிப் பெட்டிகள் எல்லாம் கணினியோடு வர வேண்டும், அவை இல்லாமல் தயாரிப்பாளரிடம் வாரண்டி கேட்பது பெரும்பாடு.

எங்கள் விஷயத்தில் பவர் சப்ளையையும் எஸ்எஸ்டியையும் ரைசரையும் மாற்றித் தந்தார்கள், ஏனென்றால் சப்ளையின் லேபிளும் டிரைவின் மணிக்கணக்கும் ஈவென்ட் வியூவர் பதிவும் படமாகக் கையில் இருந்தன. சிப், கார்டு, ரேம் மூன்றையும் மாற்ற மறுத்துவிட்டார்கள். கொட்டேஷனில் எழுதியதைத்தான் கொடுத்திருக்கிறோம் என்பது அவர்கள் பதில், கொட்டேஷனில் அப்படித்தான் எழுதியும் இருக்கிறது.