தரங்கம்பாடிக்குக் கொண்டுபோன வண்ணப்பெட்டியும் தாளும்

பூம்புகார், தரங்கம்பாடி, காரைக்கால் என்று முன்னோர் வாழ்ந்த ஊர்களைக் குடும்பத்தோடு சுற்றி வரும்போது படமும் வரைய விரும்புகிறவர்களுக்காக, நான் கொண்டுபோன பொருள்களைப் பற்றி எழுதுகிறேன். வின்சர் அண்ட் நியூட்டன் நிறுவனத்தின் காட்மன் கையடக்க நீர்வண்ணப்பெட்டி, சகுரா நிறுவனத்தின் பிக்மா மைக்ரான் பேனா, 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்) கனமுள்ள பருத்தித் தாள் நோட்டு ஆகிய மூன்றுமே அவை. இவற்றுள் தாராளமாகச் செலவிட வேண்டியது தாளுக்குத்தான் என்பது என் திடமான கருத்து.

காட்மன் பெட்டியில் 12 சிறிய வண்ணக் கட்டிகள் இருக்கின்றன. விரித்த மூடியே வண்ணம் கலக்கும் தட்டாகிவிடுகிறது. இது மாணவர் தர வண்ணம். காட்மியம், கோபால்ட் போன்ற விலை கூடிய நிறமிகளுக்குப் பதிலாக அவற்றை ஒத்த மலிவான நிறமிகளைச் சேர்த்திருக்கிறார்கள். ஆனால் இந்தக் கடற்கரைக்கு அந்த விலை கூடிய நிறமிகள் அதிகம் தேவைப்படுவதில்லை. தரங்கம்பாடியில் 1620இல் டேனிஷ்காரர்கள் கட்டத் தொடங்கிய டான்ஸ்போர்க் கோட்டையின் வெயில் பட்ட சுவருக்கு மஞ்சள் ஓக்கர் என்ற மண் மஞ்சளே அடிப்படை. குலசேகர பாண்டியன் காலத்தில் எழுந்து, பின்னர் கடல் அரிப்பில் பெரும்பகுதியை இழந்த மாசிலாமணிநாதர் கோயிலின் கல்லுக்கும், அலை வடிந்த ஈர மணலுக்கும், பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பையும் அல்ட்ராமரின் நீலத்தையும் வெவ்வேறு அளவில் கலந்தால் போதும். பெட்டியில் உள்ள சைனீஸ் வெள்ளையை எடுத்துவிட்டு அந்த இடத்தில் இன்னொரு மண் நிறத்தை வைத்துக்கொள்ளலாம். அலை நுரையின் வெண்மைக்குத் தாளை வண்ணம் தீட்டாமல் விடுவதே அழகு.

இனி தாள். கடலோரத்தில் காலை வேளையில் காற்றின் ஈரத்தால் முதல் பூச்சு காய நெடுநேரமாகிறது. நண்பகலில் வெயிலும் காற்றும் சேர்ந்து, வானத்தைத் தீட்டி முடிப்பதற்குள்ளேயே ஓரங்களைக் காயவைத்துக் கோடாக்கிவிடுகின்றன. மெல்லிய மரக்கூழ்த் தாள் இந்த இரண்டையும் தாங்குவதில்லை: ஈரம் பட்டதும் அலையலையாக மேடிடுகிறது, பள்ளங்களில் வண்ணம் தேங்குகிறது, மறுபடி தேய்த்தால் மேற்பரப்பு திரிதிரியாக எழும்புகிறது. நல்ல பருத்தித் தாளிலோ, பூச்சு ஒரே சீராக ஈரமாயிருப்பதால் வானத்தின் கீழ்ப்பகுதியைக் கடலோடு கரைத்துவிட நேரம் கிடைக்கிறது. படிந்த வண்ணத்தை ஈரத் தூரிகையால் ஓரளவு திரும்ப எடுக்கவும் முடிகிறது. கடல் நீரைத் தொட்டு வரையும் ஆசை பலருக்கும் வரும். உப்பு தாளிலேயே தங்கிக் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டிருக்கும் என்பதால் அதைத் தவிர்க்கச் சொல்வேன்.

குடும்பத்தோடு போகும்போது ஓரிடத்தில் நெடுநேரம் உட்கார முடியாது என்பதால் பேனா மிகவும் உதவியது. மைக்ரானில் இருப்பது நிறமி மை. சற்றுக் காய்ந்தபின் மேலே தண்ணீர் பட்டாலும் கரையாது. பழைய வீட்டை நான் கோட்டில் வரைந்துகொண்டிருக்க, பக்கத்தில் நின்ற அத்தை, “அந்தத் தூணுக்கு இந்தப் பக்கம்தான்டா திண்ணை இருந்தது, தாத்தா அதில்தான் படுப்பார்” என்று சொல்லச் சொல்ல, இப்போது இல்லாத திண்ணையையும் விட்டுவிட்டுப் போட்ட கோடுகளாகச் சேர்க்க முடிந்தது. கைப்பேசி எடுக்கும் படத்தில் அந்தத் திண்ணைக்கு இடமில்லை. வண்ணத்தை மாலையில் விடுதியில் தீட்டிக்கொண்டேன்.

பருத்தித் தாள் நோட்டின் விலை அதிகம்தான். 22க்கு 30 அங்குல முழுத் தாளாக வாங்கினால் அதை வீணாக்காமல் ஐந்தரைக்கு ஏழரை அங்குலத்தில் 16 துண்டுகளாக வெட்டலாம். அவற்றை ஒரு கெட்டி அட்டையில் இரண்டு கிளிப் போட்டு வைத்துக்கொண்டால் காற்றிலும் பறக்காது. வரைந்து முடித்த ஒன்றை அங்கேயே அத்தையிடம் கொடுத்துவிடவும் வசதியாயிருக்கும்.